கேடிபியில் மின்னூல் போடப்போகிறீர்களா? அந்த 70 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். சொந்தமாக மின்னூல் வெளியிட நினைக்கிறவருக்கு அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், அதாவது எல்லோரும் கேடிபி என்று சொல்வது, இன்றைக்கும் நல்ல தொடக்கம். புத்தகத்தை ஏற்றுவது, விற்பது, வந்த பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்புவது என்கிற வேலைகளை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் அதிலேயே இருக்கும் ‘கேடிபி செலக்ட்’ என்கிற கட்டத்தை, அதாவது மின்னூலை 90 நாள் அமேசானில் மட்டும் வைக்கிறேன் என்கிற ஒப்பந்தத்தை, மட்டும் என்னவென்று தெரியாமல் டிக் அடித்துவிடாதீர்கள். இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் பணக் கணக்குதான் வரும். புதிதாக வருகிற நண்பர்கள் கேட்பதெல்லாம் அதைப் பற்றித்தான், அப்புறம் இதைப் பற்றிப் பேசுகிற பலர் ‘70 சதவீதம் ராயல்டி’, அதாவது விற்பனையில் எழுதுகிறவருக்கு வரும் பங்கு, என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த 70-க்குள் நிறைய நிபந்தனை இருக்கிறது.

நான் கதை, கட்டுரை என்று சில மின்னூல்களை அதில் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்களின் புத்தகங்களுக்குக் கோப்பு தயார்செய்தும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

கேடிபி 2007 நவம்பரில், அமேசானின் மின்னூல் வாசிக்கும் கருவியான முதல் கிண்டிலோடு சேர்ந்து வந்தது. அப்போது அதற்கு வேறு பெயர். ஆரம்பத்தில் எழுதுகிறவருக்கு 35 சதவீதம்தான் கொடுத்தார்கள், 2010 ஜூன் கடைசியில்தான் 70 சதவீதம் என்கிற இரண்டாவது வழி திறந்தது. பழைய 35 போய்விடவில்லை, இரண்டும் அருகருகே இருக்கின்றன, விலை வைக்கும் பக்கத்தில் எது வேண்டும் என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய பதிப்பகங்கள் மின்னூலுக்கு வழக்கமாகத் தருவது, தங்கள் கைக்கு வந்து சேரும் தொகையில் 25 சதவீதம். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 70 என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவே இல்லை.

உள்ளே நுழையக் காசு கிடையாது என்பது அடுத்த நல்ல விஷயம். கணக்குத் திறக்க, கோப்பை ஏற்ற, புத்தகத்தைக் கடையில் வைத்திருக்க எதற்கும் கட்டணம் இல்லை. மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்கிற நூல் அடையாள எண் வாங்க வேண்டியதில்லை, அமேசானே ஏசின் என்று தன் எண் ஒன்றைக் கொடுத்துவிடும். காப்புரிமை உங்களிடமே இருக்கும். செலக்டில் சேராதவரை அதே புத்தகத்தை வேறு எத்தனை கடையில் வேண்டுமானாலும் விற்கலாம். வெளியிடு என்று அழுத்தியபின் பெரும்பாலும் 72 மணி நேரத்துக்குள் கடைக்கு வந்துவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் அன்றைக்கே திருத்தி மறுபடி ஏற்றிவிடலாம் என்பது. அச்சுப் புத்தகத்தில் ஒரு பெயர் தப்பாக வந்துவிட்டால் அடுத்த பதிப்பு வரும்வரை அதைப் பார்த்துப் பார்த்து நோக வேண்டியதுதான். இங்கே புதிதாக வாங்குகிறவருக்குத் திருத்தின பிரதி போகும். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள், அது அப்படி நடப்பதில்லை, அதனால் மெய்ப்பு பார்க்காமல் அவசரமாக ஏற்றுவதற்கு இதைச் சாக்காக வைத்துக்கொள்ளவும் கூடாது.

காசு கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. ‘உங்கள் நூலைக் கிண்டிலில் வெளியிட்டுத் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள்’ என்று பேக்கேஜ் விற்கிறவர்கள் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். மெய்ப்புப் பார்ப்பதற்கு, அட்டைக்கு, கோப்பு தயாரிப்பதற்குக் கூலி கேட்டால் நியாயம், அது உழைப்பு. கணக்கையே தங்கள் பெயரில் திறந்துகொண்டு, ராயல்டி எங்கள் வழியாக வரும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வங்கி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் நாவலை எழுதி முடித்த சந்தோஷத்தில் இருக்கிற ஒருவரிடம் இப்படிப் பிடுங்குவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. அவருக்கு ஏமாந்தது தெரியவே ஒரு வருடம் ஆகும், அதற்குள் அடுத்த புத்தகம் எழுதும் ஆசையே போய்விடும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

அமெரிக்கக் கடையின் விலையை வைத்துச் சொல்கிறேன், மற்ற நாட்டுக் கடைகளுக்கு அவரவர் பணத்தில் தனி எல்லைகள் உண்டு. 70 சதவீதம் வேண்டுமென்றால் விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் 35தான். இந்த எல்லைக் கோட்டின் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மெகாபைட் அளவுள்ள புத்தகத்தை 2.99-க்கு விற்றால் உங்களுக்குச் சுமார் 1.99 டாலர் வரும். ஒரே ஒரு சென்ட் குறைத்து 2.98 வைத்தால் 1.04. மேல் எல்லையில் இன்னும் விசித்திரம்: 9.99-க்கு விற்றால் சுமார் 6.89 கிடைக்கும், 10.99 வைத்தால் 3.85-க்கு இறங்கிவிடும், பழைய 6.89-ஐத் திரும்பப் பிடிக்க விலையை 20 டாலருக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். அதாவது 10-லிருந்து 19 டாலர் வரை எந்த விலை வைத்தாலும் வாசகர் அதிகம் கொடுப்பார், நீங்கள் குறைவாக வாங்குவீர்கள். கனமான ஆய்வு நூல், பாடநூல் எழுதுகிறவர்களுக்கு இது அநியாயமான இடம் என்றுதான் நினைக்கிறேன். பல வருடம் உழைத்து எழுதிய ஒரு நூலை 9.99-க்கு மேல் மதிப்பிட்டதற்காக எழுதியவர் தன் பங்கில் கிட்டத்தட்ட பாதியை இழக்க வேண்டியிருக்கிறது.

கீழ்ப்பக்கம் 0.99 டாலர்தான் குறைந்தபட்சம், அதுவும் கோப்பு 3 மெகாபைட்டுக்குள் இருந்தால். 3 முதல் 10 வரை என்றால் 1.99, பத்துக்கு மேல் என்றால் 2.99. நிரந்தரமாக இலவசம் என்று விலை வைக்கவே வழி கிடையாது.

இன்னும் இருக்கிறது. 70 சதவீத வழியில் ஒவ்வொரு பிரதிக்கும் ‘டெலிவரி கட்டணம்’ என்று ஒன்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் 70 சதவீதம் தருகிறார்கள். அமெரிக்கக் கடையில் ஒரு மெகாபைட்டுக்கு 15 சென்ட். வெறும் எழுத்து மட்டுமே இருக்கும் நாவலுக்கு இது பெரிய தொகையே அல்ல, பெரும்பாலான நாவல்கள் ஒரு மெகாபைட்டைக்கூடத் தொடாது. படம் நிறைய உள்ள புத்தகம் என்றால் கதை மாறிவிடும். 20 மெகாபைட் கோப்பு, விலை 4.99 என்று வைத்துக்கொள்வோம். டெலிவரிக்கே 3 டாலர் போய்விடும், மிஞ்சும் 1.99-இல் 70 சதவீதம் என்றால் 1.39. அதே புத்தகத்துக்கு 35 சதவீத வழியைத் தேர்ந்தெடுத்தால் டெலிவரி கட்டணமே இல்லை, 1.75 வரும். பெரிய எண்ணைப் பார்த்ததும் 70-ஐ அழுத்திவிடுகிறவர் இங்கே சிறிய தொகையோடு வீட்டுக்குப் போகிறார். சிறுவர் படக்கதை, புகைப்படங்களோடு பயணக் கட்டுரை, சமையல் புத்தகம் போடுகிறவர்கள் தயவுசெய்து படங்களைச் சுருக்கியபின், விலைப் பக்கத்தில் அவர்களே காட்டும் கோப்பளவைப் பார்த்து இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பக்கத்திலேயே உங்கள் ராயல்டி எவ்வளவு என்று காட்டிவிடுகிறது, ஆனால் தேர்ந்தெடுத்த வழிக்கு மட்டும்தான், அடுத்ததை மாற்றிப் பார்ப்பது உங்கள் வேலை.

இதுபோக, 70 கிடைக்க வேண்டுமென்றால், அச்சுப் பதிப்பு இருக்கும் நூலுக்கு மின்னூல் விலை அதைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது கம்மியாக இருக்க வேண்டும். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களை எடுத்துப் போட்டால் 35 மட்டும்தான், அதற்கும் புதிய மொழிபெயர்ப்போ உரையோ படங்களோ என்று உங்கள் பங்கு ஏதாவது இருக்க வேண்டும் என்கிறார்கள், அது சரியான விதி. 70 எல்லா நாட்டு வாசகருக்கும் பொருந்தாது, பட்டியலில் உள்ள நாடுகளில் நடக்கும் விற்பனைக்குத்தான். அந்தப் பட்டியலிலும் இந்தியா, ஜப்பான், பிரேசில், மெக்சிகோ வாசகர்கள் வாங்கினால் 70 கிடைக்க நீங்கள் செலக்டில் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 35. தமிழில் எழுதுகிறவருக்கு இது எவ்வளவு முக்கியமான வரி என்று சொல்லத் தேவையில்லை. இதைச் சின்ன எழுத்தில் எங்கோ வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கோப்பைப் பற்றி. வேர்ட் கோப்பையும் இபப் கோப்பையும் வாங்கிக்கொள்கிறார்கள். நான் இபப்பைத்தான் சொல்வேன், அது எல்லாக் கடைக்கும் பொதுவான திறந்த வடிவம், ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் நாளைக்கு வேறு எங்கும் அதையே கொண்டுபோகலாம். லிப்ரே ஆபீஸிலேயே இபப் ஆக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, கொஞ்சம் நுணுக்கமாகத் திருத்த வேண்டுமென்றால் சிஜில், வடிவம் மாற்றவும் ஒழுங்குபடுத்தவும் கேலிபர், எல்லாமே இலவசம். பிடிஎஃப்பை நம்ப வேண்டாம், போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து வராத புத்தகத்தை யாரும் பத்துப் பக்கம் தாண்டிப் படிப்பதில்லை.

தமிழ் ஆதரிக்கப்படும் மொழிகளில் ஒன்று, அதில் சிக்கல் இல்லை. சிக்கல் நம் கோப்பில் இருக்கிறது. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த நாவலை யூனிகோடுக்கு மாற்றும்போது மாற்றிகள் செய்யும் பிழைகளை உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். ஔகாரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், ‘கௌரி’ என்பதும் ‘கெளரி’ என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், தேடினால் கிடைக்காது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரம் வந்திருக்கும். ஒரு பக்கத்தில் இப்படி நான்கு இருந்தால் வாசகருக்கு நீங்கள் அக்கறையில்லாத எழுத்தாளர் என்றுதான் தோன்றும். அப்புறம் நம் சொற்கள் நீளம், இருபக்கமும் சமமாக வரி வைத்தால் போன் திரையில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் பெரிய ஓட்டை விழும், இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்து விட்டுவிடுவது நல்லது. கிண்டில் பிரீவியூவர் என்று இலவச மென்பொருள் தருகிறார்கள், போன், டேப்லட், கிண்டில் கருவி மூன்றிலும் பக்கம் எப்படித் தெரியும் என்று காட்டும். ஏற்றுவதற்கு முன் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அதில் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

அட்டைக்கு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல் என்பது அவர்கள் விரும்பும் அளவு. அளவைவிட முக்கியம், கடைப் பட்டியலில் அது விரல்நுனி அளவுக்குச் சுருங்கித்தான் தெரியும், அந்த அளவில் தலைப்பு வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். போதும்.

இப்போது செலக்ட். இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

2011 டிசம்பரில் வந்த திட்டம் இது. 90 நாள் ஒப்பந்தம். அந்த 90 நாளும் உங்கள் மின்னூல் அமேசானில் மட்டும்தான் இருக்க வேண்டும். வேறு கடையில் விற்கக் கூடாது, உங்கள் சொந்த இணையதளத்தில்கூட இலவசமாகவும் வைக்கக் கூடாது, மாதிரிக்கு 10 சதவீதம் வரை வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நீங்கள்தான் போய் அந்த டிக்கை எடுக்க வேண்டும். இணையத்தில் தொடர்கதையாக எழுதி வாசகர் சேர்த்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். அத்தியாயங்கள் அங்கே திறந்து கிடக்கும்போது செலக்டில் சேர்ப்பது ஒப்பந்த மீறல். செலக்ட் இல்லாமலே போட்டாலும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து என்றால் உரிமை உங்களுடையதுதானா என்று ஆதாரம் கேட்டு மின்னஞ்சல் வரலாம். வந்தால் பதறாமல் பதில் போடுங்கள், ஆனால் பதில் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்த ஒற்றைக் கடை விசுவாசத்துக்குப் பதிலாக அவர்கள் தருவது என்ன? மேலே சொன்ன நான்கு நாடுகளின் 70 சதவீதம். 90 நாளில் 5 நாள் புத்தகத்தை இலவசமாகத் தரும் வசதி, அல்லது சில நாட்களுக்கு விலையைக் குறைத்து 70 சதவீதத்தை இழக்காமல் விற்கும் வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக கிண்டில் அன்லிமிடெட். 2014 ஜூலையில் தொடங்கிய சந்தா நூலகம் அது, மாதச் சந்தா கட்டியவர்கள் உங்கள் புத்தகத்தை வாங்காமலே படிக்கலாம், படித்த பக்கத்துக்கு உங்களுக்குப் பணம். முதலில் புத்தகத்தில் 10 சதவீதம் படித்துவிட்டால் ஒரே தொகை என்று இருந்தது, அதனால் பத்துப் பக்கக் குறுநூல் போட்டவரும் ஐந்நூறு பக்க நாவல் போட்டவரும் ஒரே பணம் வாங்கினார்கள், 2015 ஜூலையிலிருந்து பக்கக் கணக்குக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்பது முன்கூட்டித் தெரியாது. மாதா மாதம் ஒரு பொது நிதி ஒதுக்கி, அதிலிருந்து கணக்கிட்டு, மாதம் முடிந்தபின்தான் சொல்கிறார்கள். அமெரிக்கக் கடையில் பெரும்பாலும் பக்கத்துக்கு 0.004 டாலருக்கும் 0.005-க்கும் நடுவில் ஆடுகிறது, நாட்டுக்கு நாடு வேறுபடும். பக்கம் என்பதும் அச்சுப் பக்கம் கிடையாது, எழுத்தளவையும் இடைவெளியையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து அவர்களே எண்ணும் கணக்கு. ஒருவர் இரண்டாம் முறை படித்தால் அதற்குப் பணம் இல்லை.

இதைக் காசாக மாற்றிப் பார்க்கலாம். அவர்கள் கணக்கில் 300 பக்கம் வரும் நாவலை ஒருவர் முழுதாகப் படித்தால், பக்கத்துக்கு 0.0045 என்று வைத்தால் 1.35 டாலர். அதே நாவல் 2.99-க்கு விற்றால் 2 டாலருக்கு அருகில் வரும், 0.99-க்கு விற்றால் 35 சென்ட்தான் வரும். அதனால் குறைந்த விலையில், தொடர் நாவல்களாக, ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தேடுகிற வாசகருக்கு எழுதுகிறவர்களுக்கு, குடும்ப நாவல், திகில், துப்பறியும் கதை மாதிரி, செலக்ட் நன்றாகவே பொருந்தும். அவர்களுடைய வாசகர்கள் பெரும்பாலும் சந்தாவில் இருக்கிறார்கள், விடிய விடியப் படிப்பார்கள். சிறிய கவிதைத் தொகுப்பு போட்டவருக்கு எண்பது பக்கத்துக்கு 36 சென்ட் வரும். குறிப்பு நூல் மாதிரி, தேவைப்படும் இரண்டு அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடுகிற புத்தகத்துக்கு அதுவும் வராது. அந்த வகை நூலை எழுதுகிறவர் தன் புத்தகத்தை 90 நாள் ஒரே கடைக்குள் பூட்டி வைப்பதில் பயன் ஏதும் எனக்குத் தெரியவில்லை, வாசகர்களில் பெரும்பகுதியினர் அந்த நான்கு நாடுகளில் இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

என்னைக் கேட்டால், முதல் 90 நாள் செலக்டில் வைத்துப் பார்க்கலாம், புத்தகம் பக்கக் கணக்கில் ஓடுகிறதா விற்பனையில் ஓடுகிறதா என்று அறிக்கை தெளிவாகக் காட்டிவிடும். தானாகப் புதுப்பிப்பதை முதல் நாளே நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். தொடர வேண்டுமா என்பதை எண்களைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யலாம்.

வெளியே என்ன இருக்கிறது என்றால், கோபோவின் ரைட்டிங் லைஃப் 2.99 டாலருக்கு மேல் எந்த விலைக்கும் 70 தருகிறது, 9.99 என்கிற கூரை அங்கே இல்லை, டெலிவரி கட்டணமும் இல்லை. ஆப்பிள் புக்ஸ் விலை எதுவானாலும் 70. கூகுள் பிளே புக்ஸும் பெரும்பாலான நாடுகளில் 70. எல்லாக் கடைக்கும் தனித்தனியாக ஏற்ற முடியாதவர்களுக்கு டிராஃப்ட்2டிஜிட்டல் இருக்கிறது, 2022-இல் பழைய ஸ்மாஷ்வேர்ட்ஸை வாங்கிக்கொண்டவர்கள், ஒரே இடத்தில் ஏற்றினால் பல கடைக்கும் அனுப்பிவிட்டு, விற்ற விலையில் ஏறக்குறைய 10 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள். விலை அதிகமுள்ள நூல், படம் நிறைந்த நூல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கடைகளின் விதி கேடிபியைவிடத் தெளிவாகவே நியாயமானது. கூட்டம் அமேசானில்தான் அதிகம் என்பதும் உண்மை. ஒன்றைக் கவனியுங்கள், வேறு கடையில் குறைந்த விலை வைத்தால் அமேசானும் அந்த விலைக்கு இறங்கலாம், ராயல்டியும் அந்த இறங்கிய விலைக்குத்தான் வரும்.

பணம் வருவதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை, தாமதம் தவிர. விற்ற மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து வருகிறது, ஜனவரியில் விற்றது மார்ச் கடைசியில். வங்கிக்கு நேரடியாகப் போடும் வழியைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் இல்லை, காசோலை என்றால் 100 டாலர் சேர வேண்டும். கணக்குத் திறக்கும்போதே வரிப் பேட்டி என்று கேள்விகளுக்குப் பதில் நிரப்பச் சொல்வார்கள், அதை ஒதுக்கித்தள்ளாமல் பொறுமையாகச் செய்யுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர் தன் நாட்டின் வரி எண்ணைக் கொடுத்து, வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டு நிரப்பாவிட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். ஒப்பந்தம் இருந்தால் நாட்டைப் பொறுத்து 15-ஆகவோ பூஜ்யமாகவோ குறையும். அரை மணி நேர வேலை, ஆனால் பலன் எல்லா மாதமும். வாங்கியவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த ராயல்டியும் கழியும். முழுதாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் பெருகி எழுத்தாளர்கள் குரல் கொடுத்தபின், 10 சதவீதத்துக்கு மேல் படித்த புத்தகத்தை வாசகர் தாமே இணையத்தில் திருப்பிக் கொடுக்கும் வசதியை நிறுத்துவதாக 2022-இல் ஒப்புக்கொண்டார்கள். இந்த மாதிரி மாற்றங்கள் எழுதுகிறவர்கள் சேர்ந்து கேட்டதால்தான் வந்தன.

விற்பனைக்கு வருவோம். கேடிபி உங்கள் புத்தகத்தைக் கடையில் வைக்கும், யாரிடமும் கொண்டுபோய்க் காட்டாது. கையில் இருப்பவை: மூன்று வகைமைகள், ஏழு தேடுசொல் பெட்டிகள், 4000 எழுத்துக்கு ஓர் அறிமுகம். தேடுசொல்லில் ‘நாவல்’, ‘கதை’ என்று பொதுவாகப் போட்டு வீணாக்காமல், வாசகர் என்ன அடித்துத் தேடுவார் என்று யோசித்துப் போடுங்கள், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுகிறவர்களும் நிறைய. மற்ற எழுத்தாளர்கள் பெயரைப் போடக் கூடாது, விதி மட்டும் இல்லை, அது அசிங்கமும்கூட.

அறிமுகத்தைவிட விற்கிற பகுதி இலவச மாதிரிதான். புத்தகத்தின் முதல் 10 சதவீதம் அளவுக்கு யாரும் வாங்காமலே படித்துப் பார்க்கலாம். நம் புத்தகங்களில் அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று முன்னால் வரிசையாக நிற்கும். அச்சில் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, வாசகர் புரட்டிக்கொண்டு போய்விடுவார். மின்னூலில் மாதிரி முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும், கதையின் ஒரு வரிகூடப் படிக்காமல் அவர் போய்விடுவார். அணிந்துரைகளைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். எழுதித் தந்த பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மதிப்புரைகள் வேண்டும்தான், ஆனால் வீட்டாரையும் நெருங்கிய நண்பர்களையும் எழுதச் சொல்வதை அமேசான் அனுமதிப்பதில்லை, பணம் கொடுத்து வாங்குவதைச் சுத்தமாக அனுமதிப்பதில்லை. மெதுவாக வரட்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘பிடித்திருந்தால் நான்கு வரி எழுதுங்கள்’ என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை, அங்கே வரை படித்தவர்தான் எழுதத் தகுதியானவர். விளம்பரம் பற்றி ஒரு வரி: சொடுக்குக்கு இவ்வளவு என்று பணம் போகும். சொடுக்குக்கு 30 சென்ட் என்று வைத்து, பத்துப் பேர் சொடுக்கி ஒருவர் வாங்கினால் செலவு 3 டாலர், 2.99 புத்தகத்தில் வரவு 2 டாலர். ஒரே புத்தகம் வைத்திருப்பவர் விளம்பரத்துக்குப் போக வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல மெய்ப்புத் திருத்துநருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, கணக்கின் பாதுகாப்பு. ஒருவருக்கு ஒரே கணக்குத்தான், புனைபெயரில் எழுதினாலும் அதே கணக்குக்குள்தான் வைக்க வேண்டும், அதற்கு வசதி இருக்கிறது. விதி மீறியதாக அவர்கள் நினைத்தால் கணக்கையே மூடிவிடும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது, அப்போது வர வேண்டிய ராயல்டியும் சிக்கிக்கொள்ளலாம். உழைத்து எழுதுகிறவருக்கு ஒரு நிறுவனத்தின் மேல் இவ்வளவு சார்பு இருப்பது நல்லதல்ல, இதுதான் கேடிபியில் எனக்கு இருக்கும் பெரிய குறை. 2023 செப்டம்பரிலிருந்து ஏஐ உருவாக்கிய உரை, படம், மொழிபெயர்ப்பு எதுவாக இருந்தாலும் ஏற்றும்போது சொல்லியாக வேண்டும், அட்டைப் படம் மட்டும் அப்படிச் செய்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் புதிதாக வெளியிடும் நூல்களுக்கும் அதே மாதத்தில் வரம்பு வைத்தார்கள், குப்பை குவிவதைத் தடுக்க அது தேவைதான்.

இபப் கோப்பு, அட்டையின் மூலக் கோப்பு, அறிமுக உரை, தேடுசொற்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் ஒரு பிரதி, வெளியே ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராயல்டி அறிக்கையையும் மாதம் தவறாமல் இறக்கிச் சேமித்து வையுங்கள், வருமான வரிக் கணக்குக் காட்டும்போது எந்த நாட்டில் எவ்வளவு பிடித்தார்கள் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.